ஆறாத புண்ணுக்குப் பின்னால் அரிய நோய் இருக்கிறதா என்று கேட்டவருக்கு

உங்கள் தங்கைக்கு 34 வயது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் சீழ்க்கொப்புளம் போலத் தொடங்கிய ஒரு புண் 14 மாதங்களாக ஆறவில்லை. சர்க்கரை நோய் இல்லை. இரண்டு முறை புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இரண்டு முறையும் அது பெரிதானது. மூன்று மருத்துவர்கள் மூன்று பெயர்களைச் சொன்னார்கள். இது ஏதாவது அரிய நோயா, ஸ்டெம் செல் (புதிய செல்களை உருவாக்கவல்ல மூலச் செல்) போன்ற புதிய சிகிச்சையால் திசுவை வளரவைத்து மூடிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: காரணம் இன்னதென்று உறுதியாகாத நிலையில், புண்ணை மூடும் வேலையை மட்டும் தனியே செய்துவிட முடியுமா? முடியாது என்பதே என் பதில். ஏன் என்பதை விளக்குவது அவசியம். ஏனென்றால் ஒரு புண்ணை ஆற்றும் அதே கத்தி இன்னொரு புண்ணைப் பெரிதாக்கும், உங்கள் தங்கைக்கு அதுவே நடந்திருக்கக்கூடும்.

நான் தோல் மருத்துவம் பயின்றவன். பல ஆண்டுகளாக ஆறாத புண்களுக்கான பிரிவில் பணியாற்றுகிறேன். புண்ணை நேரில் பார்க்காமல், விளிம்பைத் தொடாமல், திசுவை நுண்ணோக்கியில் வைக்காமல் நோயின் பெயரைச் சொல்ல என்னால் இயலாது. நீங்கள் எழுதியவற்றைக் கொண்டு எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

காயம் பட்டவுடன் இரத்தம் உறைகிறது. அடுத்த சில நாட்களுக்கு வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் இறந்த திசுவையும் அகற்றுகின்றன. பிறகு புதிய இரத்தக் குழாய்களும், தோலுக்கு வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதமும் உருவாகி, விளிம்பிலிருந்து மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து மூடுகின்றன. அதன்பின் மாதக் கணக்கில் தழும்பு இறுகுகிறது. முழுமையாக ஆறிய தழும்பும்கூடப் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்தையே எட்டும். நாட்பட்ட புண்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தைத் தாண்டாமல் நின்றுபோனவை. அழற்சி அடங்குவதில்லை; வெள்ளையணுக்கள் வெளியிடும் நொதிகள் புதிதாக உருவாகும் கொலாஜனையும் வளர்ச்சிக் காரணிகளையும் சிதைத்துக்கொண்டே இருக்கின்றன. வெளியே தெரியாத ஒரே ஒரு குறை இந்த ஏற்பாடு முழுவதையும் நிறுத்திவிடும் என்பதற்கு 1940இல் வெளியான ஒரு சோதனையை இன்றும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் பாஸ்டனில் வைட்டமின் சி அறவே இல்லாத உணவை உண்டு, தன் முதுகிலேயே காயம் உண்டாக்கச் செய்து பார்த்தார். மூன்றாம் மாதத்தில் உண்டாக்கிய காயம் வழக்கம்போல ஆறியது. ஆறாம் மாதத்தில் உண்டாக்கிய காயத்தைப் பத்து நாள் கழித்துத் திறந்தபோது, மேலே தோல் மூடியிருந்தது, அடியில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. வைட்டமின் சி கொடுத்த பிறகு அதே காயம் நன்றாக ஆறியது. காரணத்தைக் கண்டு நீக்கினால் உடல் மீதி வேலையைத் தானே செய்துகொள்ளும் என்ற நம்பிக்கை எனக்கு இத்தகைய சான்றுகளிலிருந்து வந்தது.

அரிய நோயைத் தேடுவதற்கு முன், பரவலான காரணங்கள் முறையாக விலக்கப்பட்டனவா என்று பாருங்கள். காலில் ஆறாமல் நிற்கும் புண்களில் பெரும்பான்மையானவை சிரைகளில் இரத்தம் தேங்குவதாலும், தமனி அடைப்பாலும், சர்க்கரை நோயாலும், ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுவதாலும் வருபவை. இவற்றைச் சோதிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. கணுக்காலில் அளந்த இரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் 0.9க்குக் கீழே இருந்தால் தமனியில் குறை இருக்கிறது என்று பொருள், 1.4க்கு மேல் போனால் தமனிச் சுவர் கடினமாகி அளவீடே நம்பத்தகாததாகிவிட்டது என்று பொருள். சிரைகளுக்கு, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் போதும். இவற்றைச் செய்யாமல் இறுக்கக் கட்டு போடுவதும் ஆபத்து, போடாமல் விடுவதும் வீண் தாமதம். காரணத்தைக் கண்டு சரியான சிகிச்சை கொடுத்தும் நான்கு வாரங்களில் புண்ணின் பரப்பு பாதியளவுகூடக் குறையவில்லை என்றால், நோய் நிர்ணயத்தையே மறுபடி கேள்விக்கு உட்படுத்த வேண்டும். உங்கள் தங்கையின் விஷயத்தில் அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் மனதில் முதலில் வந்தது பயோடெர்மா கேங்கிரினோசம். பெயரைப் பார்த்தால் சீழும் தசை அழுகலும் என்று தோன்றும்; உண்மையில் இது கிருமித் தொற்றே அல்ல. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் எதிர்க்கக் கிருமி ஏதுமின்றித் தோலுக்குள் குவிந்து அதை அரிக்கும் நோய் இது. சிறு கொப்புளமாகத் தொடங்கி, சில நாட்களில் உடைந்து, வேகமாக விரியும். காலின் முன்பக்கம் இதற்கு வழக்கமான இடம். புண்ணின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி இருக்கும். விளிம்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஊதா கலந்த நீல நிறத்தில், சற்றே தடித்து, உள்ளே குழிந்திருக்கும். மழுங்கிய முனையுள்ள சலாகையை விளிம்பின் அடியில் மெல்லச் செலுத்தினால் தடையின்றி உள்ளே போகும்; மேலே முழுமையாகத் தெரியும் தோலுக்குக் கீழே திசு ஏற்கெனவே கரைந்திருக்கும். அதற்கு வெளியே ஒரு சிவந்த வளையம் தெரிந்தால், அடுத்த வாரம் புண் எதுவரை பரவும் என்பதை அது காட்டுகிறது. பழைய புண் ஆறிய இடங்களில் சல்லடை போலத் துளைத்துளையான தழும்பு இருக்கும். இந்நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்குச் சிறு ஊசிக் காயம்கூடப் புதிய புண்ணாக மாறும். ஆகவே சுரண்டச் சுரண்டப் புண் விரிவது இதன் முக்கியமான அறிகுறி. ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குடல் அழற்சி நோய், முடக்கு வாதம், இரத்த நோய் என உடலில் வேறொரு நோயும் சேர்ந்தே இருக்கும். எனவே உங்கள் தங்கைக்கு நாட்பட்ட வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், மூட்டு வீக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். புண்ணுக்காகப் போகும் இடத்தில் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நோயாளிகளுக்குத் தோன்றுவதில்லை, கேட்கவும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு பொருந்தினாலும் அவசரப்படக் கூடாது. 2002இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள், இந்த நோயைப் போலவே தோற்றமளித்து வேறு நோயாக முடிந்த 95 பேரின் விவரங்களை வெளியிட்டார்கள். அவர்களில் 64 பேருக்கு பயோடெர்மா என்று கருதியே சிகிச்சை நடந்திருந்தது. உண்மையில் இருந்தவை இரத்தக் குழாய் அடைப்பு, இரத்தக் குழாய் அழற்சி, புற்றுநோய், ஆழமான தொற்று, மருந்தின் பக்கவிளைவு போன்றவை. பயோடெர்மாவுக்குக் கொடுப்பது நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து. ஆழத்தில் காசநோய்க் குடும்பக் கிருமியோ பூஞ்சையோ இருக்கும்போது அதைக் கொடுத்தால் விளைவு மோசமாகும். புற்றுநோய் இருக்கும்போது கொடுத்தால் மாதங்கள் வீணாகும். இந்த நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. 2018இல் வகுக்கப்பட்ட அளவுகோல்களிலும், புண்ணின் விளிம்பில் எடுத்த திசுவில் நியூட்ரோஃபில்கள் நிறைந்திருப்பதே முதன்மை நிபந்தனை. மற்றவை துணை அறிகுறிகள்.

ஆகவே திசுப் பரிசோதனை செய்தாயிற்றா என்பதுதான் நான் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி. செய்திருந்தால், எங்கிருந்து எடுத்தார்கள் என்பது இரண்டாவது. புண்ணின் நடுவிலிருந்து மட்டும் எடுத்த திசுவில் அழுகலும் அழற்சியும் தவிர எதுவும் தெரியாது. விளிம்பையும் அதை ஒட்டிய தோலையும் சேர்த்து, கொழுப்பு அடுக்கு வரை ஆழமாக எடுக்க வேண்டும். ஒரு துண்டு நுண்ணோக்கிக்கு. இன்னொரு துண்டு பாக்டீரியா, பூஞ்சை, காசநோய்க் குடும்பக் கிருமிகள் மூன்றுக்குமான வளர்ப்புச் சோதனைக்கு. புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்து எடுக்கும் மாதிரி பெரும்பாலும் அங்கே குடியிருக்கும் கிருமிகளைத்தான் காட்டும். அந்த அறிக்கையைப் பார்த்து மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் கொடுப்பது நான் அடிக்கடி காணும் வருத்தமான வழக்கம். சுரண்டினால் புண் பெரிதாகிறது என்றால் இப்படித் திசுவை வெட்டி எடுக்கும் பயாப்ஸியும் ஆபத்துதானே என்று நீங்கள் கேட்கலாம். சிறிதளவு ஆபத்து இருக்கிறது. ஆனால் பெயர் தெரியாமல் இன்னும் ஓர் ஆண்டு போவதோடு ஒப்பிட்டால் அந்த ஆபத்து ஏற்கத்தக்கது. நீண்ட நாள் புண்ணின் விளிம்பில் தோல் புற்றுநோய் உருவாகலாம் என்பதும் மருத்துவ உலகுக்கு நூறாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விஷயம்.

மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சில இரத்த நோய்களுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா கணுக்காலைச் சுற்றி வலி மிகுந்த புண்களை உண்டாக்கும். மருந்தை நிறுத்தும்வரை எந்தக் களிம்பும் பயன்படாது. நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நிகோராண்டில் வாயிலும் ஆசனவாயிலும் தோலிலும் புண்களை வரவழைக்கும். பிறவிக் குறைபாடுகள் சிலவும் ஆறாத புண்ணாக வெளிப்படும். தொப்புள் கொடி விழப் பல வாரங்கள் ஆன குழந்தைக்குப் பின்னாளில் புண்கள் சீழே இல்லாமல் ஆறாது நின்றால், வெள்ளையணுக்கள் இரத்தக் குழாயைவிட்டு வெளியே வர இயலாத குறைபாட்டை நினைக்க வேண்டும். இளம் வயதிலேயே நரையும் கண்புரையும் வந்து கணுக்காலில் புண்ணும் இருந்தால் வெர்னர் நோய். லேசாகத் தட்டினாலே தோல் கிழிந்து, மெல்லிய காகிதம் போன்ற அகன்ற தழும்புகள் விழுந்தால் ஏலர்ஸ் டான்லாஸ் வகை நோய்கள். 33 வயதுவரை காயங்கள் எல்லாம் ஒழுங்காக ஆறிவந்த ஒருவருக்கு இந்தப் பிறவி நோய்கள் இருக்க வாய்ப்பு குறைவு என்பதால், உங்கள் தங்கையின் பழைய காயங்கள், அறுவைத் தழும்புகள், பல் பிடுங்கிய இடங்கள் எப்படி ஆறின என்று விசாரிப்பது, மரபணுப் பரிசோதனையைவிட முதலில் செய்ய வேண்டியது.

மரபணுப் பரிசோதனையைப் பற்றி எதிர்பார்ப்பும் அச்சமும் கலந்து நிறையக் கேள்விகள் வருகின்றன. அது எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு சிறுவனின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. குடலிலிருந்து வயிற்றுத் தோல் வரை புண்கள் துளைத்துக்கொண்டே இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட முறை அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். வெட்டி மூடிய இடங்கள் மறுபடி திறந்தன. புரதங்களை உருவாக்கும் மரபணுப் பகுதிகள் முழுவதையும் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையில் எக்ஸ்ஐஏபி என்ற மரபணுவில் ஒரு மாற்றம் தெரிந்தது. கோளாறு குடலில் மட்டும் இல்லை, நோயெதிர்ப்பு மண்டலத்திலேயே இருக்கிறது என்பது புரிந்தது. 2010இல் தொப்புள்கொடி இரத்த ஸ்டெம் செல்கள் மாற்றப்பட்டன, சிறுவன் தேறினான். இங்கே ஸ்டெம் செல் வேலை செய்தது, எந்தச் செல்லை மாற்ற வேண்டும் என்று முதலில் தெரிந்ததால்தான். ஆனால் எல்லாருக்கும் இப்படி விடை கிடைப்பதில்லை. அமெரிக்காவில் பெயர் தெரியாத நோய்களுக்காகவே இயங்கும் மருத்துவமனைக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, முழுப் பரிசோதனை முடிந்த 382 பேரில் 132 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. அதாவது சுமார் 35 சதவீதம். அந்த 132இல் நான்கில் மூன்று பங்கு மரபணு வரிசையைப் படித்ததால் கிடைத்தவை. 15 பேருக்கோ, அனுபவமுள்ளவர்கள் பழைய கோப்புகளை உட்கார்ந்து பொறுமையாகப் படித்ததாலேயே விடை கிடைத்தது. இந்த இரண்டாவது எண் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எல்லா அறிக்கைகளையும், புண்ணின் தேதியிட்ட படங்களையும் வரிசைப்படுத்தி ஒரே கோப்பாகக் கொண்டுபோவது சோதனைகளுக்குச் சமமான பயனுடையது. படம் எடுக்கும்போது அருகில் ஓர் அளவுகோலை வைத்து, ஒரே தூரத்தில், வாரம் ஒரு முறை எடுங்கள்.

இனி திசு வளர்ப்பு. இந்தத் துறையில் நடந்திருப்பது உண்மையிலேயே பெரிய காரியம். 1975இல் ரைன்வால்ட், கிரீன் இருவரும் மனிதனின் மேல்தோல் செல்களைச் சோதனைக் கூடத்தில் பெருக்கும் வழியைக் கண்டார்கள். அடுத்த பத்தாண்டுக்குள், உடலில் 95 சதவீதத்துக்கு மேல் தீக்காயம் பட்ட இரண்டு சிறுவர்களை அவர்களுடைய சொந்தச் செல்களிலிருந்து வளர்த்த தோலால் காப்பாற்ற முடிந்தது. 2015இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் லேமினின் புரதம் குறைபட்டதால் தோலில் பெரும்பகுதியை இழந்து மரணத்தின் விளிம்பில் இருந்தான். கொப்புளம் வராத ஓரிடத்திலிருந்து நான்கு சதுர சென்டிமீட்டர் தோலை எடுத்தார்கள்; இத்தாலியின் மோடெனா நகரில் மிக்கேலே டி லூகா குழுவினர் அந்தச் செல்களுக்குள் சரியான மரபணுவைச் செலுத்தித் தோல் விரிப்புகளாக வளர்த்தார்கள்; உடலின் ஏறத்தாழ 80 சதவீதம் அந்தத் தோலால் மூடப்பட்டது. ஐந்தாண்டு கழித்தும் அந்தத் தோல் உறுதியாக இருந்தது. ஒட்டிய செல்கள் எல்லாமே நிலைக்கவில்லை, அவற்றில் இருந்த மிகச் சில நீண்டகால ஸ்டெம் செல்களே தோல் முழுவதையும் தொடர்ந்து புதுப்பித்தன என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. இதுபோன்ற இன்னொரு பிறவிக் கொப்புள நோய்க்காக 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு கூழ் மருந்து, ஏழாம் வகைக் கொலாஜன் மரபணுவை ஒரு வைரஸ் வழியே புண்ணுக்குள் கொண்டுசெல்கிறது. 31 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்திட்ட புண்களில் 67 சதவீதமும் வெறும் கூழிட்ட புண்களில் 22 சதவீதமும் ஆறு மாதத்தில் முழுமையாக மூடின. ஆனால் கவனியுங்கள்: இந்தச் சிகிச்சைகள் எல்லாமே, எந்த மரபணு, எந்தப் புரதம் என்று பெயர் சொல்லத் தெரிந்த நோய்களுக்கானவை. உங்கள் தங்கையின் நோய் அவற்றுள் ஒன்றாக இருக்கும் என்று எண்ண நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை.

பொதுவான ஆறாப் புண்ணுக்குக் கிடைத்திருக்கும் பலன்கள் இவற்றைவிட எளிமையானவை. 1997இல் அனுமதி பெற்ற பெக்காப்ளர்மின் என்ற வளர்ச்சிக் காரணிக் களிம்பு, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்களில் 20 வாரங்களில் 50 சதவீதத்தை ஆற்றியது. மருந்தில்லாத களிம்பு 35 சதவீதத்தை ஆற்றியது. பலன் உண்டு, அற்புதம் இல்லை. தழும்பே இல்லாமல் ஆறச்செய்யும் முயற்சியில், சுண்டெலிகளில் வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்து மயிர்க்கால்களோடு தோலை மீட்டதாக 2021இல் வந்த ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. ஆனால் எலியின் காயம் பெருமளவு தோல் சுருங்கி மூடுகிறது, மனிதக் காலின் காயம் அப்படி மூடுவதில்லை. எலியில் கிடைத்த முடிவை நோயாளிக்கு வாக்குறுதியாகச் சொல்ல முடியாது.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் எந்தப் புண்ணும் ஆறும் என்று விளம்பரம் செய்யும் இடங்களைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: போகாதீர்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்தது 2017இல் மருத்துவ இதழில் பதிவானது. உங்கள் தங்கைக்கு பயோடெர்மா இருக்குமானால், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் இடமும் ஊசி குத்தும் இடமும் புதிய புண்களாகலாம்.

திசுப் பரிசோதனை பயோடெர்மாவைச் சுட்டி, தொற்றும் புற்றும் விலக்கப்பட்டால், சிகிச்சைக்கு வழி இருக்கிறது. பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்றில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களிலும், நோயெதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் பெற்றவர்களிலும் ஆறு மாதத்தில் புண் ஆறியது ஒரே அளவில், 47 சதவீதம் பேருக்கு. மீதிப் பேருக்கு அழற்சிப் புரதங்களைத் தடுக்கும் ஊசி மருந்துகள் உள்ளன. அவற்றுக்கான சான்று வளர்ந்து வருகிறது, இன்னும் போதாது. எது பொருந்தும் என்பது இரத்த அழுத்தம், சிறுநீரகம், கருத்தரிக்கும் எண்ணம், மறைந்திருக்கும் காசநோய் ஆகியவற்றைப் பார்த்து நேரில் முடிவு செய்ய வேண்டியது. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் தொடங்கவோ, தொடங்கியதைத் திடீரென நிறுத்தவோ கூடாது. அதுவரை, விளிம்பிலிருந்து பயாப்ஸி எடுக்காமல் மூன்றாவது முறை சுரண்ட யார் சொன்னாலும், அதற்கான காரணத்தைக் கேளுங்கள். காய்ச்சல், புண்ணைச் சுற்றி மணிக்கணக்கில் பரவும் சிவப்பு, கால் கருத்துக் குளிர்தல், நிற்காத இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் தோல் மருத்துவரின் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.